நாலு மூடை விதைக் கம்பு

1983, ஐப்பசி. காலை 6.10.

ஒன்றரை வருஷம் கழித்து, இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. கரிவலம்வந்தநல்லூருக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்னக் கிராமமே விதையறை வாசலில் கூடி நின்றது. ஈரம் மூன்று நாள்தான் தாங்கும். அதற்குள் விதைத்தாக வேண்டும். சாவி வைத்திருக்கும் குருநாதன் பூட்டைத் திறந்தார். தானியம் சேர்த்து வைக்கும் மண் குலுக்கையின் வாயில், சாணியும் சங்கரன்கோவில் புற்றுமண்ணும் குழைத்துப் பூசிய பூச்சு அப்படியே இருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஊருக்கே பொதுவான நாலு மூடை விதைக் கம்பு மாயம்.

"போச்சே! இந்த வருசமும் போச்சே!" மாடத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

8.30. சங்கரன்கோவிலிலிருந்து எஸ்.ஐ. சண்முகையா வந்தார். கெட்டிக்காரர்தான்; என்ன, புத்தியைவிடக் கை கொஞ்சம் வேகம்.

"பூட்டு உடையல. மாசியில குலுக்கைய மூடினப்புறம் உள்ள வந்தது யாருவே?"

"கடையநல்லூர் யாவாரி மைதீன் பாட்சா ஒருத்தருதான். பங்குனியில பழைய பருத்திய ஏத்திட்டுப் போனாரு," என்றது கூட்டம். குருநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

11.15. ஜீப்பில் மைதீன் பாட்சாவும், அவர் கடையிலிருந்த நாலு மூடைக் கம்பும் வந்து இறங்கின.

"எந்த ஊருக் கம்புவே?"

"இந்த ஊருதான் ஐயா. முந்தா வருசம் வெலைக்கு வாங்கினது. நல்ல ரகம்னு விக்காம வச்சிருந்தேன்."

"மூடையும் நாலு, கம்பும் இதே கம்பு. யாருகிட்ட கதை விடுதேரு?"

பளாரென்று ஓர் அறை. தொப்பி சேற்றில் விழுந்தது. அறுபது வயது மனிதர் ஊரே பார்க்க அடி வாங்கினார்.

12.00. சண்முகையா குலுக்கையின் அடியை விரலால் வழித்தார். பழுப்புத் தூளோடு நாலைந்து மணிகள் வந்தன.

"இது என்ன தூளு?"

"வேப்பங்கொட்டைப் பொடி ஐயா," என்றாள் மாடத்தி. "விதைக்குன்னா அதுல பெரட்டித்தான் போடுவோம். பூச்சி அண்டாது. எத்தன தடவ கழுவினாலும் கசப்புப் போவாது."

மென்று பார்த்தார். சரியான கசப்பு. பிறகு கடை மூடைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மென்றார். எதிலும் கசப்பில்லை.

அட, இந்தக் கசப்பை எங்கேயோ ருசித்திருக்கிறோமே!

"சித்திரையில இங்கன கூழு ஊத்தினாங்களே, யாரு குடுத்தது?"

"ராசபாளையத்துல யாரோ ஒரு புண்ணியவான்னு குருநாதண்ணாச்சி சொன்னாவ. இருவது நாளு அதுதான் எங்க உசுரக் காப்பாத்துச்சு. என்ன, கொஞ்சம் கசக்கும்..." மாடத்தி அதோடு நிறுத்திவிட்டாள்.

சித்திரையில் கூழ் வரிசைக்குப் பந்தோபஸ்து வந்த சண்முகையாவும் அந்தக் கூழை ரெண்டு சொம்பு குடித்திருந்தார்.

"குருநாதன்! சாவி உம்ம கையில. விதைய எடுத்ததும் நீரு, திரும்பப் பூசி மூடினதும் நீரு. ராசபாளையத்துப் புண்ணியவானும் நீருதான்."

குருநாதன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "நிவாரண லாரி வரல ஐயா. ஒரே வாரத்துல ரெண்டு புள்ளையப் பொதைச்சோம். விதைன்னு தெரிஞ்சா இவங்க செத்தாலும் தொட மாட்டாங்க. அதான் பொய் சொன்னேன். அதுக்குக்கூட நான் வெக்கப்படல. பாய் அடி வாங்கையில வாயத் தெறக்காம நின்னேன் பாருங்க..." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சண்முகையா சேற்றில் கிடந்த தொப்பியை எடுத்துத் துடைத்து மைதீன் பாட்சாவிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்க நினைத்தார். வெட்கம் விடவில்லை. "மூடைய ஜீப்புல ஏத்தச் சொல்லுதேன் பாய். கடையிலயே கொண்டு விட்டுருதோம்."

"எதுக்கு ஐயா? ஈரம் காஞ்சிரும். விதைக்கச் சொல்லுங்க."

அவர் கன்னத்தில் விரல் தடம் இன்னும் சிவந்திருந்தது. மூடைப் பக்கம் ஒருவரும் நகரவில்லை. கடைசியில் மைதீன் பாட்சாவே குனிந்து, இரண்டு கையாலும் கம்பை அள்ளினார். மாடத்திதான் முதலில் முந்தியை ஏந்தினாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கும் தைரியமில்லை.