பெயர் விழாத துண்டு

தான் போடாத காசு தன்னுடைய போனில் விழுந்திருந்ததைக் கிளறிற்றா பார்த்தாள். ‘பத்துப் பவுண் டொப்-அப் கிடைத்தது. நன்றி.’ லண்டனின் குட்மேய்ஸ் பஸ் நிறுத்தத்தில் நின்று அந்தக் குறுஞ்செய்தியை மூன்று தடவை வாசித்தாள்.

அந்த நம்பர் யாருக்கும் தெரியாது. ஜேர்மனியில், டோர்ட்முண்டில், கணவன் ரதீசனின் அடியிலிருந்து தப்பி வந்த பிறகு, பெயர் கேட்காத சிம் ஒன்றை வாங்கி, இன்டர்நெட்டுக்கான வவுச்சரையும் மாதாமாதம் கைக்காசு கொடுத்தே எடுத்து, ஈரக் குளிரும் டீசல் மணமும் அப்பிய இந்தத் தெருக்களில் பதினொரு மாதமாக அவள் ஒளிந்திருந்தாள்.

நிறுத்தத்துக்கு எதிரே கடையில் வவுச்சர் விற்கும் றமணனிடம் போனைக் காட்டினாள்.

“ஆர் போட்டதெண்டு பார்க்க ஏலுமோ, அண்ணை?”

“ஏலாது தங்கச்சி. காசைக் குடுத்தால் மெஷின் ரசீது மாதிரி ஒரு துண்டு தரும். நம்பர் மட்டும்தான், பேர் விழாது. அதுக்காகத்தானே நீங்களும் வாங்கிறியள்?”

பயம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதுபோல் உடம்பு முழுக்க மரத்திருந்தது. சிம்மைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அவனிடமே புதிய சிம் வாங்கினாள். அதன் நம்பரை அவளே இன்னும் பார்க்கவில்லை. உறையைக் கிழித்துச் செருகியதும் திரை ஒளிர்ந்தது.

‘பத்துப் பவுண் டொப்-அப் கிடைத்தது. நன்றி.’

“நீங்களோ போட்டது?”

“நான் இன்னும் ஒண்டும் போடேல்லையே,” என்றான் றமணன்.

நாலு மணிக்கே இருட்டியிருந்தது. வாடகை வீட்டின் படிகளில், கீழே யாரோ வெங்காயம் பொரிக்கும் மணத்தினூடே, ஒவ்வொரு பலகையும் முனகுவதைக் கேட்டபடி ஏறினாள். அறையின் பூட்டு காலையில் பூட்டியபடியே இருந்தது. சாவி ஒன்றுதான். அவள் கையில்.

திறந்தாள். ஹீட்டர் போடாத அறை. மூச்சு புகைந்தது.

கட்டிலில் ஒரு துண்டு.

எடுத்தாள். நம்பர் மட்டும். பெயர் இல்லை. தாள் சுட்டது, அப்போதுதான் மெஷினிலிருந்து வந்ததுபோல்.

போர்வையை விலக்கினாள். மெத்தையைத் தொட்டாள்.

அதிலும் சூடு.

சுவர்ப்பக்கமாக. ஓர் ஆள் நீளத்துக்கு.

பக்கத்தில் அவள் படுக்கும் இடம் மட்டும் குளிர்ந்து கிடந்தது.