காந்தம் ஒட்டாத மெஷின்

பழைய இரும்பு வாங்க வருகிறவர், சாமான்மேல் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் எடுத்துச் சாக்கில் போடுவார். அன்று காலை மாத்தளை பஸ்ஸில் வந்து இறங்கிய மனிதரோ நேர்மாறாக இருந்தார். காந்தம் ஒட்டினால் கையை விரித்தார். ஒட்டாவிட்டால் சிரித்தார். அதிலும் அவருக்கு வேண்டியது பழைய தையல் மெஷின் மட்டும்தான்.

பாறூக் மாமாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பாறூக் மாமா சிறுமி ஜுனைதாவின் உம்மாவுக்கு அண்ணன் முறை. பல்லேபொலவுக்குப் போகும் வழியில், அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சில்லறைக் கடை வைத்திருந்தார். சீனி நிறுக்கிற நேரத்தைவிடச் சந்தேகப்படுகிற நேரம்தான் அவருக்கு அதிகம். பால்காரர் கொஞ்சம் பிந்தி வந்தாலும் போதும், "எங்க போய்ட்டு வாறான் இவன்?" என்று ஆரம்பித்துவிடுவார்.

வந்தவரை அவர் சும்மா விடுவாரா? பெயர் கேட்டார். மாரிமுத்து என்றார் அந்த மனிதர். ஊர் கேட்டார். எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் என்றார். அடையாள அட்டை கேட்டார். மாரிமுத்து எடுத்துக் காட்டினார். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பெயரைக் கேட்டார்.

பிறகு அவருடைய சாக்கைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இரண்டு தையல் மெஷின். பாரமாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்துத் தூக்கியவர், சாக்கு சட்டென்று மேலே வந்ததில் பின்னால் சாய்ந்து, கோதுமை மா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

எழுந்தவர் நேரே ஜுனைதாவின் வீட்டுக் குசினி வாசலுக்கு வந்து உம்மாவைக் கூப்பிட்டார்.

"பீபி, அவன் இரும்பு மெஷின் வாணாமாம். பாரமில்லாத அலுமினிய மெஷினாப் பாத்துச் சேக்கிறான். பாரமில்லாத உலோகத்தில என்ன செய்ற? பிளேன் செய்ற."

வேறு காலமாக இருந்தால் உம்மா சிரித்திருப்பார். ஆனால் அது, யுத்தம் நடந்துகொண்டிருந்த வடக்கிலிருந்து இரவில் சின்ன விமானங்கள் பறந்து வந்ததாக ரேடியோவில் செய்தி வந்த வருடம். உம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய தையல் மெஷினும் அதே மாதிரி அலுமினிய மெஷின்தான். ஜுனைதாவே அதை ஒரு கையால் தூக்குவாள்.

மாமா திட்டத்தைச் சொன்னார். அவர் சைக்கிளில் போய்ச் சந்தியில் இருக்கும் சோதனைச் சாவடியில் சொல்லி, ஆமிக்காரர்களைக் கூட்டி வருவார். அதுவரை உம்மா தன் மெஷினை விற்கப்போவதாகச் சொல்லி, ஆளைப் பிடித்து வைக்க வேண்டும். சொன்ன கையோடு மாமா சைக்கிளில் பறந்தார்.

ஜுனைதா மாமா போன வழியையே பார்த்து நின்றாள். போன மாதம் இதே சந்தியில் ஒரு அண்ணனை விசாரிக்க என்று கூட்டிப் போனார்கள். அவருடைய பையில் இருந்தது வீட்டுக்கு லைட் போடுகிற வயர். அவர் திரும்பி வரும்வரை அவருடைய தாய் அடுப்பு மூட்டவில்லை.

அவளுடைய வாப்பா யாகூப் மிளகு விற்க மாத்தளைக்குப் போயிருந்தார். வாப்பா இல்லாத நேரத்தில் வெளி ஆண்கள் வீட்டுக்குள் வர மாட்டார்கள். உம்மா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். அதனால் மாரிமுத்துவைக் கூப்பிட்டு, மெஷினை முற்றத்துக்குக் கொண்டு போய்க் கொடுத்தது ஜுனைதாதான்.

மாரிமுத்து காந்தத்தை வைத்தார். அது வழுக்கி விழுந்தது. சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து, கைப்பிடியைச் சுழற்றி ஒரு வரி தைத்தார். துணியைத் திருப்பிப் பின்பக்கத் தையலையும் பார்த்தார். அடுத்து அவர் செய்தது ஜுனைதாவுக்கு விளங்கவே இல்லை. தோளில் கிடந்த துவாயைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, அதன்மேல் மெஷினை ஏற்றிக்கொண்டு முற்றத்தில் நடந்தார். பலா மரத்தடிக் கற்படிகளில் ஏறினார். இறங்கினார்.

"என்ன மகள் செய்றார்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து உம்மா மெதுவாகக் கேட்டார்.

"மெஷினத் தலையில வெச்சிட்டு நடக்கிறார் உம்மா."

"எங்க?"

"முத்தத்திலதான்."

"யா அல்லாஹ்," என்றார் உம்மா.

ஜுனைதாவும் பயந்துதான் போயிருந்தாள். ஆனாலும் ஒரு விஷயம் அவளுக்கு இடித்தது. பிளேன் செய்கிறவருக்குப் பின்பக்கத் தையல் எதற்கு? தலையில் வைத்துக்கொண்டு படி ஏறுவது எதற்கு?

"இத யாரு தலையில தூக்கிட்டுப் போற?" என்று கேட்டாள்.

மாரிமுத்து மெஷினை இறக்கி வைத்தார். காலையிலிருந்து இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரி கமலாட்சிங்க பாப்பா," என்றார்.

அவர்கள் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயங்களுக்கு ரோட்டே கிடையாதாம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைதான். கமலாட்சி கொழுந்து எடுத்து வந்த பிறகு, மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போவாராம். பிள்ளைகளின் பள்ளிச் சட்டை, பெண்களின் ரவிக்கை எல்லாம் அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுப்பாராம். போன மழையில் பாதை வழுக்கி, இரும்பு மெஷின் அவர் கைமேலேயே விழுந்துவிட்டது. ஒடிந்த எலும்பு கூடிவிட்டது. ஆனால் பாரம் தூக்க முடியவில்லை.

"தையல விட்டுட்டாங்க. தையல விட்டதும் பேச்சையும் விட்டுட்டாங்க," என்றார் மாரிமுத்து. "அப்புறம் ஒரு அலுமினிய மிசின் கெடச்சுச்சு. அதத் தூக்கிட்டு மறுபடி கெளம்புனாங்க பாருங்க, இப்ப லயத்துப் பொம்பளைங்க எல்லாம் எனக்கொண்ணு எனக்கொண்ணுன்னு கேக்கிறாங்க. எனக்கும் இதுல ஒரு பைத்தியம் புடிச்சிருச்சு. லீவு கெடச்சா தேடக் கெளம்பிருவேன்."

"இத ஏன் பாறூக் மாமாட்ட செல்லல்ல?"

"மொதலாளி மிசினப் பத்திக் கேக்கலியே பாப்பா. பேரு என்ன, ஊரு என்ன, ஐசி எங்கன்னுதான் கேட்டாரு. இந்தக் காலத்துல கேட்டதுக்கு மேல நாங்க பேசினா வம்புங்க."

திரை அசைந்தது. உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். "மகள், மாமாவ நிப்பாட்டு. ஓடு," என்றார்.

ஜுனைதா வேலிப் படலையைத் திறந்து ஓடினாள். ஆனால் மாமா எதிரே வந்துகொண்டிருந்தார். சைக்கிளை ஒரு கையால் தள்ளினார். மறு கையால் இடுப்பில் கட்டிய சாரத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். அவசரத்தில் சாரம் சைக்கிள் சங்கிலியில் மாட்டி, முழங்காலிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது. சந்திக்கு அவர் போய்ச் சேரவே இல்லை.

"இந்தக் கோலத்தில ஆமிக்காரனுக்கு முன்னால போய் நிண்டா, மொதல்ல என்னத்தான் புடிப்பான். உம்மாட்ட செல்லி டக்குண்டு ஒரு தையல் போடச் செல்லு."

ஜுனைதாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அவள் ஓடிப் போய் வாப்பாவின் சாரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா உடுத்திக்கொண்டதும், கிழிந்த சாரத்தை வாங்கினாள். அதை உம்மாவிடம் கொண்டு போகவில்லை. நேரே மாரிமுத்துவின் கையில் கொடுத்தாள்.

மாமா மறுப்பதற்குள் மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கிவிட்டது. வாப்பாவின் சாரம் மாமாவுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றது. அந்தக் கோலத்தில் தூரமாக நின்று, மெஷின் எந்த நேரத்திலும் கிளம்பிப் பறந்துவிடும் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மெஷினப் பத்தி ஏதாவது கேளுங்களேன்," என்றாள் ஜுனைதா.

மாமா தொண்டையைச் செருமினார். "இதெல்லாம்... யாருக்கு?" என்று கேட்டார்.

மாரிமுத்து தைத்தபடியே மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். சாரம் கைக்கு வந்ததும் மாமா அதை வெளிச்சத்தில் பிடித்து, கிழிசல் இருந்த இடத்தைத் தேடினார். உள்பக்கம் திருப்பித் தேடினார். எதையும் நம்பாத அவருடைய கண்ணுக்கே அது அகப்படவில்லை.

உம்மா திரைக்குப் பின்னாலிருந்து முதல் தடவையாக மாரிமுத்துவிடமே பேசினார்.

"மெஷின விக்கிறண்டு பொய் செல்லிட்டன். மனசில வெச்சிக்க வாணாம். சந்திக்கிட்ட எங்கட ஹமீமா தாத்தாட வீட்டில இதே மாதிரி ஒண்டு தூசி பிடிச்சிக் கெடக்குது. நான் செல்லி அனுப்பினண்டு கேளுங்க."

மாரிமுத்து சாக்கை எடுத்தார். அப்போதுதான் ஜுனைதாவுக்கு மறுபடியும் பயம் வந்தது. பஸ் ஏற வேண்டுமென்றால் அவர் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். அங்கேயும் சாக்கைத் தூக்கிப் பார்ப்பார்கள். அங்கேயும் பெயரையும் ஊரையும்தான் கேட்பார்கள்.

"மாமா, செக் பொயின்டுக்குப் போகத்தானே வெளிக்கிட்டீங்க?" என்றாள். "இப்ப போங்க. இவரோட."

மாமா அவளைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். பிறகு தைத்த சாரத்தை மாற்றிக்கொண்டு வந்து, சாக்கைத் தானே தோளில் போட்டார். "நீயும் வா," என்றார்.

அக்கா முறையில் உம்மா தாத்தா என்று கூப்பிடுகிற ஹமீமாவின் மெஷினும் சேர்ந்து, சாவடிக்குப் போகும்போது சாக்கில் மூன்று மெஷின்கள் இருந்தன. ஆமிக்காரர் மூச்சைப் பிடித்துச் சாக்கைத் தூக்கினார். அது சட்டென்று மேலே வந்தது. காலையில் மாமாவின் முகத்தில் வந்த அதே சந்தேகம் இப்போது அவர் முகத்தில் வந்தது. தையல் மெஷின் இவ்வளவு பாரமில்லாமல் இருக்குமா என்று கேட்டார்.

மாரிமுத்து அடையாள அட்டையைத் தேடினார். மாமா அவருக்கு முன்னால் வந்து நின்றார். தினமும் கடைக்கு வந்து பிஸ்கட் வாங்குகிற ஆமிக்காரர்தான். மாமா சிங்களத்தில் கமலாட்சியின் கையைப் பற்றிச் சொன்னார். வழுக்குகிற பாதையைப் பற்றிச் சொன்னார். அப்படியும் ஆமிக்காரரின் புருவம் இறங்கவில்லை.

மாமா சாரத்தை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக் காட்டினார். காலையில் இது முழங்காலிலிருந்து இடுப்புவரை கிழிந்ததென்றும், எங்கே கிழிந்ததென்று முடிந்தால் கண்டுபிடிக்கும்படியும் சொன்னார்.

ஆமிக்காரர் குனிந்து தேடினார். நிமிர்ந்தார். சிரித்துவிட்டார். தன் கைப்பையின் அறுந்த வாரைக் காட்டி, பஸ் வருவதற்குள் இதையும் தைக்க முடியுமா என்று கேட்டார்.

அன்றைய பஸ் கொஞ்சம் காத்து நின்றுதான் புறப்பட்டது.

அடுத்த நாள் பால்காரர் பிந்தி வந்தார். "எங்க போய்ட்டு..." என்று ஆரம்பித்தார் பாறூக் மாமா. கடைப் பலகையில் உட்கார்ந்திருந்த ஜுனைதா நிமிர்ந்து பார்த்தாள். மாமா சாரத்தை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"மாட்டுக்குச் சுகமில்லயா?" என்று கேட்டார்.

உண்மையாகவே மாட்டுக்குச் சுகமில்லைதான்.