அசரியாவின் கவிழ்ந்த கல்

துவைத்து உலர்த்திய சட்டையின் முதுகில் ஒரு மூக்கு இருந்தது. கஞ்சி மடிப்பாக இருக்கும் என்றுதான் சுந்தர்சிங் முதலில் நினைத்தார். இஸ்திரிப் பெட்டியில் கரியை விசிறி, தண்ணீர் தெளித்து, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டுத் தேய்த்தும் மடிப்பு அமுங்கவில்லை. எடுப்பான தண்டும் நுனியில் இரண்டு பள்ளங்களுமாக, வயதான ஆண்பிள்ளை மூக்காகவே நிமிர்ந்து நின்றது. சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது. அதன் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சித்தூரில் அந்த மே மாத வெயிலில் கோட்டு போட்டிருந்தவர் அன்று அவர் ஒருவர்தான்.

போகாமல் இருக்க முடியாது. மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், சபைக் கமிட்டிச் செயலாளர்; ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் காணாமல் போன கல்லைப் பற்றி அவர்தான் பேசியாக வேண்டும். அந்தக் கல்லோ அவர் வீட்டுத் தோட்டத்தில், துவைக்கிற கல்லாகக் கிடந்தது.

எடுத்தபோது அது திருட்டாகத் தோன்றவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவரை இடித்துக் கட்டும்போது, மூலையில் பேர் ஊர் எதுவுமில்லாமல் மொட்டையாகக் கிடந்த அந்தப் பலகைக் கல்லையும் பழைய கற்களோடு வண்டியில் ஏற்றும்படி வெளியூர்க் கூலியாட்களிடம் சொன்னார். நல்ல துவைகல் வேண்டுமென்று மனைவி லோயிஸ் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாருடைய கல் என்று அவருக்குத் தெரியும். கேட்க வாரிசு இல்லை என்பதும் தெரியும், அதுதான் அவருக்குத் தைரியம். வீட்டில் இறக்கும்போது புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் எண்ணெய் தடவினாற்போல் வழவழவென்று இருந்தது. நடுவில் மட்டும் சில பள்ளங்கள். அந்தப் பக்கத்தையே மேலே வைத்துப் போடச் சொன்னாள் லோயிஸ்.

அசரியாவின் கல் அது. கும்பினிக்காரன் காலத்தில் இந்தப் பக்கத்தில் முதன்முதலாக நாணயத்துக்கு அச்சு வெட்டியவர், நாராயணவனத்துத் தட்டார் வீட்டுப் பிள்ளை என்று சபையில் சொல்வார்கள். உருக்கில் முகத்தைக் குழியாக வெட்டி, தகட்டின் மேல் வைத்துச் சம்மட்டியால் ஒரு போடு போட்டால், குழியிலிருந்த முகம் காசில் புடைத்துக்கொண்டு எழும்பும். கடலுக்கு அப்பால் இருந்த ராஜாவின் முகத்தை வெட்டச் சொன்னார்கள். ராஜாவை அவர் எங்கே கண்டார்? தொட்டித் தண்ணீரில் தெரிந்த தன் முகத்தையே வெட்டிக் கொடுத்துவிட்டார். கள்ளுக்கடையில், வெற்றிலைக் கூடையில், பிணத்தின் நெற்றியில் எல்லாம் அவர் முகம். ஊரார் விரல் பட்டுப் பட்டுக் காசில் முகம் தேயத் தேய, அவருக்கும் மூக்கும் உதடும் மழுங்கிக்கொண்டே வந்தனவாம். பெருவியாதி என்று சொந்தக்காரர்கள் துரத்திவிட்டார்கள். மிஷன் வீட்டில்தான் கஞ்சி ஊற்றினார்கள். ஞானஸ்நானம் வாங்கி அசரியா ஆனார். சாவதற்கு முன் தன் பழைய முகத்தை ஞாபகத்திலிருந்து ஒரு கல்லில் குழியாக வெட்டி, தன்னைப் புதைத்த இடத்தில் கவிழ்த்துப் போடச் சொன்னார். இனி அதில் ஒரு கையும் படக் கூடாது என்றாராம்.

வெறும் கதை என்று சுந்தர்சிங் நினைத்திருந்தார். அந்தப் பள்ளங்களைப் பார்த்த பிறகும் அப்படியே நினைக்கப் பார்த்தார். குழியாக இருக்கும்போது முகம் சட்டென்று முகமாகத் தெரிவதில்லை.

ஆராதனைக்குப் பிறகு கமிட்டியில் யாரோ கல்லறைத் தோட்டத்துக் காவல்காரன் ஏழுமலையின் பேரைச் சொன்னார்கள். வேலையிலிருந்து நிறுத்துவதென்று முடிவானபோது எல்லோரோடும் சேர்ந்து அவரும் கையைத் தூக்கினார். கோட்டுக்குள் அந்த மூக்கு முதுகெலும்பில் உரசியது.

ஏழுமலை சர்ச் வாசலில் நின்றிருந்தான். "நான் எடுக்கல வாத்தியாரே. அந்தக் கல்லாண்ட நான் போறதே இல்லன்னு உங்களுக்கே தெரியும்."

"கமிட்டி முடிவுப்பா. நான் இன்னா பண்றது?"

"என் வேல போனா போவுது. எடுத்தவன் ஊட்ல அத்த கவுத்தாவது போட சொல்லுங்க. மல்லாக்க கெடந்துச்சின்னா சும்மா இருக்காது."

வீட்டுக்கு வந்தவுடன் தோட்டத்துக்குப் போனார். பழச்சாறு ஃபாக்டரியிலிருந்து புளித்த மாம்பழ வாடை அடித்துக்கொண்டிருந்தது. கல்லின் மேல் மகள் யூனிஸ் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பெண்.

"எழுந்திரு! இங்கியா படுப்பாங்க?"

"ஜில்லுன்னு கீது நைனா."

அவள் முகத்தைத் தூக்கினாள். புருவ எலும்பு தடித்து, கன்னத்தில் ஆழமாக இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மறைந்துவிட்டன. கல்லைப் புரட்ட அன்றே தனியாக மல்லுக்கட்டிப் பார்த்தார், அசையவில்லை. நாலு ஆள் வேண்டும். நாலு ஆள் வந்தால் ஊருக்கே தெரியும். ஒரு கோணிச் சாக்கை அதன்மேல் விரித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

மறுநாள் பரீட்சைப் பேப்பர் திருத்தத் திருப்பதிக்குப் போக வேண்டியிருந்தது. சத்திரத்து அறையில் படுத்து, போதகரிடம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஏழுமலையின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. கேவலமான ஆள் நான் என்று தன்னைத் திட்டிக்கொண்டார், அழவும் செய்தார். திரும்புகிற பஸ்ஸில்கூட மனசு உறுதியாகத்தான் இருந்தது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் சபைக்காரர் ஒருவர் வணக்கம் சொன்னார். பதில் வணக்கம் சொன்னதோடு அந்த உறுதி போய்விட்டது.

பொழுது சாய்கிற நேரம். கரண்ட் இல்லை. லோயிஸ் பின்வாசலில் நின்றிருந்தாள்.

"புள்ள கல்ல வுட்டு எழுந்திரிக்கவே மாட்டேன்றா. சோறுகூட அது மேல படுத்துக்கினுதான் துன்றா. எம் மொகத்த பாக்க மாட்டேன்றா."

கோணி ஓரமாகக் கிடந்தது. யூனிஸின் முகம் பள்ளத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அவர் தோளைப் பிடித்து இழுத்தபோது, ஈரச் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற சத்தம் வந்தது. லோயிஸ் ஓடிவந்து முந்தானையால் குழந்தையின் தலையை மூடிக்கொண்டாள். பார்க்க அவளுக்கும் பயம்.

"ஏழுமலைய கூப்புடுங்க. ஆள் வெச்சி தூக்கிக்கினு போயி கவுத்துட்டு வந்துடுங்க."

"ஊருக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே! புள்ளைய பாருங்க!"

லோயிஸ் குழந்தையை அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

காசு அடிக்கிற அக்கசாலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த அச்சை முழுசாக விட்டுவைக்க மாட்டார்கள். முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. அதற்குப் பிறகு அதில் எதுவும் அடிக்க முடியாது. இது பள்ளிக்கூடத்தில் அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். யாரும் வர வேண்டாம். யாருக்கும் தெரிய வேண்டாம். அவருக்கு அந்த யோசனை பெரிய ஆறுதலாக இருந்தது.

உளியும் சுத்தியலும் எடுத்துவந்தார். இருட்டிவிட்டது. கையால் தடவிப் பார்த்தார். நெற்றி. மூக்கு. மோவாய். கல் வெதுவெதுப்பாக இருந்தது.

நெற்றியில் உளியை வைத்தார்.

அடித்தார்.

கல் கத்தவில்லை. உளி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. நெற்றியிலிருந்து மூக்குக்கு. மூக்கிலிருந்து மோவாய்க்கு. ஒரே கோடு. முடிந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"லோயிஸ்?"

சுத்தியலை மட்டும் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

உள்ளே போனார். அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லோயிஸ் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். தட்டுக்கு முன்னால் பாவாடை சட்டையோடு யூனிஸ். கழுத்துக்கு மேலே ஒரு கிழவரின் முகம். மழுங்காத மூக்கு, முழு உதடு. நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரு வெட்டு. ரத்தம் இல்லை. வெட்டின் உள்ளே கல்லின் சாம்பல் நிறம் தெரிந்தது.

வாய் இரண்டு பாதியாக அசைந்து சோற்றை மென்றுகொண்டிருந்தது. கண்கள் மட்டும் யூனிஸின் கண்கள். அவை அவர் கையிலிருந்த உளியைப் பார்த்தன. பிறகு அவரைப் பார்த்தன.

"நைனா," என்றது அந்த வாய், "வலிக்குது நைனா."