சோளக்காட்டில் விழுந்த விமானம்

வேலனின் உடல் கரிக்கட்டையாகக் கிடந்தது.

தோட்டத்து மோட்டார் ரூமின் கூரை இடிந்து விழுந்து, இன்னும் புகைந்துகொண்டிருந்தது. நூறடி தள்ளி, அறுவடை முடிந்த சோளக்காட்டில், விமானப் படையின் பயிற்சி விமானம் ஒன்று மண்ணில் மூக்கைப் புதைத்துக் கிடந்தது.

1996, டிசம்பர்.

போன மாதம்தான் ஹரியானாவில் இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி முந்நூற்றுச் சொச்சம் பேர் செத்தார்கள். ஜூலையில் அமெரிக்காவில் ஒரு ஜம்போ வெடித்துக் கடலில் விழுந்தது. அந்த வருடம் பேப்பரைப் பிரித்தாலே விமானம்தான்.

அதனால், அவிநாசிக்குத் தெற்கே இருந்த அந்தக் கிராமத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஆகாசத்துல இருந்து வந்த சாவுங்க... யார நோவறது?" என்றது கூட்டம்.

சப்-இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி மட்டும் நாளை எண்ணிப் பார்த்தாள்.

வரும் திங்கட்கிழமை வேலன் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தோட்டத்துக்காரர் மகன் கிருபாசங்கர், மில் வேலைக்குப் போன ஒரு பெண்ணைக் காரால் அடித்துக் கொன்றிருந்தான். அதைப் பார்த்த ஒரே ஆள், தோட்டத்தில் வேலை செய்த வேலன். மாட்டேன் என்று பயந்து மறுத்தவனைச் சம்மதிக்க வைத்தவள் அன்புச்செல்வி.

வேலனின் மனைவி மாரியாத்தாள் அழவில்லை.

"நான் இருக்கேன்னு சொன்னீங்கல்லங்க?" என்றாள். "எங்கீங்க இருந்தீங்க?"

அன்புச்செல்வி மோட்டார் ரூமை நோக்கி நடந்தாள்.

"அம்மா..." ஏட்டு பாலுசாமி மெல்லக் கூப்பிட்டார். "இங்க பாருங்க."

கருகிய கதவில் நாதாங்கி. நாதாங்கியில் பூட்டு.

"ஆளு உள்ள கெடக்கறான். பூட்டு வெளிய தொங்குதுங்க."

பாராசூட்டில் குதித்த பைலட் ஆல்வின், கால் முறிந்து வேப்பமரத்தடியில் கிடந்தான். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. வயது இருபத்து மூன்று இருக்கும்.

"நான்தான் மேடம் அவரைக் கொன்னுட்டேன்..." என்றான்.

"என்ன நடந்துச்சு?"

"பருந்து அடிச்சு எஞ்சின் நின்னு போச்சு. கன்ட்ரோலுக்குச் சொல்லிட்டு எறங்க எடம் பார்த்தேன். அந்த ரூம்ல இருந்து புகை வந்துச்சு. ஆளு இருக்கும்னு வெறுங்காட்டுப் பக்கம் திருப்பிட்டுக் குதிச்சேன். இறக்கை பிச்சுக்கிட்டுப் போய் அங்க விழுந்திருக்கும்..."

"தம்பி, நீ குதிக்கறதுக்கு முந்தியே புகை வந்துச்சா?"

"ஆமா மேடம். பத்தே காலுக்கு..."

அவன் பாதியில் நிறுத்தினான். அவளைப் பார்த்தான். பிறகுதான் வாய்விட்டு அழுதான்.

அவள் அவன் தோளில் ஒரு நிமிடம் கை வைத்திருந்தாள்.

தோட்டத்து வீட்டு வாசலில் கிருபாசங்கர் சலவைச் சட்டையோடு நின்றிருந்தான்.

"பாவம்ங்க வேலன். நல்ல ஆளு" என்றான். "நான் ஊர்லயே இல்லீங்க. காலைல மெட்ராஸ் ஃபிளைட்ல வந்தேன். பத்தே முக்காலுக்குப் பீளமேடு ஏர்போர்ட்டுல எறங்குனேன். ஊட்டுக்கு வந்தா இப்படிக் கெடக்குது."

"சௌகரியமா வந்தீங்களா?"

"ஜன்னல் சீட்டுங்க. பயணிங்க லிஸ்ட்டுல எம்பேரு இருக்கும். பார்த்துக்குங்க."

கேட்காமலே சொன்னான்.

அன்புச்செல்வி பாலுசாமியைப் பார்த்தாள். அவர் ஜீப்பின் வயர்லெஸ்ஸை எடுத்தார். கால்மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

"பேரு இருக்குதுங்கம்மா."

கிருபாசங்கர் சிரித்தான். "நான்தான் சொன்னேன்ல..."

"அந்த ஃபிளைட்டுதான் கோயமுத்தூருக்கே வரலீங்க."

சிரிப்பு அப்படியே நின்றது.

"அந்த பைலட் பையன் எஞ்சின் போச்சுன்னு சொன்னதும் ரன்வேயைக் காலி பண்ணிட்டாங்க. மெட்ராஸ் ஃபிளைட்டை வானத்துலயே திருப்பி அனுப்பிட்டாங்க. கிருபாசங்கர்ங்கிற பயணி இப்ப மெட்ராஸ் ஏர்போர்ட்டுல குந்தி இட்லி தின்னுட்டு இருக்கறாராம்."

"அது... வந்து..."

"உங்க பேர்ல ஏறுன ஆளு உங்களுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருப்பான்" என்றாள் அன்புச்செல்வி. "விமானம் விழுந்ததுல போன் கம்பி அறுந்து போச்சு, அதான் சேதி வரல. ஷார்ட் சர்க்யூட்டுன்னு சொல்லி முடிக்கத்தானே கொளுத்துனீங்க? விமானம் விழவும் பழியை அது மேல போட்டுட்டீங்க."

கிருபாசங்கரின் சலவைச் சட்டை முதுகோடு ஒட்டியது.

"மேடம்... பேசிக்கலாங்க. அப்பாவைக் கூப்புடறேன்..."

அவள் விலங்கை மாட்டினாள். ஜெயித்த மாதிரியே இல்லை.

வேலியோரம் மாரியாத்தாள் நின்றிருந்தாள்.

"அடுத்த கேசுக்கும் சாட்சி வேணுமுங்களா அம்மணி?" என்றாள். "எனக்கு ஒரு மகன் இருக்கறான். கேட்டுப் பாருங்க."

அன்புச்செல்வி போய் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

பாலுசாமி கிருபாசங்கருக்குப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க தம்பி. இதுல உங்க பேர்ல வேற ஆளு போக முடியாதுங்க."