உளுந்தூர்பேட்டைக்குப் போன எண்

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஷேக் மைதீனின் மளிகைக் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து சாமையும் தேனும் கொண்டுவருபவர்கள் அங்கேதான் மூட்டையை இறக்குவார்கள். அவர்கள் கொண்டுவரும் இலை, வேர், கடுக்காய் எல்லாவற்றையும் பற்றிக் கேட்டுக் கேட்டே மூத்த மகள் ரஜியாவுக்குத் தாவரவியல் படிக்கும் ஆசை வந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

ரஜியா பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கவலைப்பட்டது என்னவோ ஐந்தாம் வகுப்புத் தங்கை நூர்ஜகான்தான். எல்லோருக்கும் அவள் நூரு.

கவலைக்குக் காரணம் இருந்தது. போன வருடம் எதிர்வீட்டு அமிர்தம் அக்கா நல்ல மதிப்பெண் எடுத்தாள். ஆனால் சாதி, வருமானச் சான்றிதழ்கள் கைக்கு வருவதற்குள் விண்ணப்பிக்கும் கடைசி நாள் போய்விட்டது. அவள் வீட்டில் உட்கார்ந்து அழுததை நூரு பார்த்திருக்கிறாள். தன் அக்காவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது.

“அத்தா, அக்கா காலேஜ் சேர்றதுக்கு சர்டிபிகேட்டெல்லாம் எப்போ வாங்கப் போறீங்க?”

“மொதல்ல பரிச்சை எழுதட்டும். ரிசல்ட் வரட்டும். அப்பால பாத்துக்கலாம்” என்றார் அத்தா, பேரீச்சம்பழப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே.

நோன்பு மாதம் வர இன்னும் நாள் கிடந்தது. ஆனால் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. நூரு அந்தப் பெட்டிகளையே பார்த்தாள்.

“இதெல்லாம் இன்னாத்துக்கு இப்பவே வாங்கி வெச்சிருக்கீங்க?”

“நோன்பு பொறந்தப்புறம் போனா சரக்கு கிடைக்குமா? வெலையும் ஜாஸ்தி. கடைக்காரன் பொண்ணு கேக்கிற கேள்வியா இது?”

“அப்போ ரிசல்ட் வந்தப்புறம் போனா சர்டிபிகேட் மட்டும் கிடைச்சிடுமா அத்தா?”

அத்தாவின் கை அப்படியே நின்றது. உள்ளே ரஜியா சிரிப்பை அடக்குவது கேட்டது. சனிக்கிழமை காலையில் அத்தா சட்டையை மாட்டிக்கொண்டு, “வா, உன் ரோதனை தாங்கல” என்றார்.

இ-சேவை மையம் அதே தெருவில்தான் இருந்தது. மொத்த வியாபாரிகள் கூப்பிடுவார்கள் என்று அத்தா தன் போனைக் கடையில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கணினி முன் இருந்த தங்கமணி அக்கா விவரங்களைத் தட்டினார்.

“உங்க போனுக்கு ஒரு ரகசிய நம்பர் வரும். அதைச் சொன்னாதான் மேல போக முடியும்” என்றவர், எந்த எண்ணுக்கு வரும் என்பதையும் படித்துக் காட்டினார்.

அத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். பதிவில் இருந்தது அவருடைய பழைய போன் எண். அவருடைய அண்ணன் உமர் பாரூக் உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக் கடை போட்டபோது, அந்த சிம் கார்டை அவருக்குக் கொடுத்துவிட்டார்.

தங்கமணி அக்காவின் போனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் லாரி ஹாரன் காதைக் கிழித்தது.

“அண்ணே, நான் மைதீன். உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுண்ணே.”

“யார்ரா நீ? இது மைதீன் நம்பரே இல்ல. போன வருஷம் இப்டிதான் ஒருத்தன் நம்பரைக் கேட்டு என் அக்கவுண்ட்டையே வழிச்சிக்கினு போனான்.”

“அண்ணே, உன் தம்பிண்ணே.”

“அவனும் அண்ணே அண்ணேன்னுதான் கூப்ட்டான்.”

அத்தாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நூரு போனை வாங்கிக்கொண்டாள்.

“பெரியத்தா, நீங்க செய்யறதுதான் சரி. தெரியாத போன்ல யார் கேட்டாலும் சொல்லாதீங்க.”

அந்தப் பக்கம், “இன்னாது?” என்று குரல் இறங்கியது. திருடன் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை போலும்.

“இதை வெச்சிட்டு, அத்தா நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க. எங்க அம்மா எடுப்பாங்க. அவங்க குரல்தான்னு தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க. நானும் கடைக்குத்தான் ஓடறேன்.”

அவள் கடைக்குப் போனபோது பெரியத்தா அம்மாவிடம் வீட்டுக் கதை முழுவதையும் விசாரித்து முடித்திருந்தார். அதற்குள் தங்கமணி அக்கா மறுபடி அனுப்பிய எண்ணும் வந்துவிட்டது. பெரியத்தா நூருவிடம் அதை மெதுவாகச் சொன்னார். அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பி ஓடினாள். வழியில் பக்கத்து வீட்டுக் காசிம் பீவி, “எங்கடி இப்டி ஓடிக்கினு இருக்க?” என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எண் மறந்துவிடும்.

எண் சரியாக இருந்தது. தங்கமணி அக்கா கையோடு அத்தாவின் புது போன் எண்ணையும் பதிந்தார்.

“ரிசல்ட் வந்தப்புறம் கூட்ட நேரத்துல இப்டி மாட்டியிருந்தா ரொம்ப அலைஞ்சிருப்பீங்க” என்றார்.

“எங்க சின்னதுதாங்க இழுத்துக்கினு வந்துச்சு” என்றார் அத்தா. அந்தக் குரலில் கோபத்தின் சுவடே இல்லை.

தேர்வு முடிவதற்குள் சான்றிதழ்கள் வந்துவிட்டன. ரிசல்ட் வந்ததும் நூரு அமிர்தம் அக்காவையும் கையைப் பிடித்து இ-சேவை மையத்துக்கு அழைத்து வந்தாள். ரஜியாவும் அமிர்தமும் ஒரே நாளில் விண்ணப்பித்தார்கள். இருவருக்கும் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

சேர்க்கை நாளில் கல்லூரி வராந்தாவில் ஒரே கூட்டம். பலர் இல்லாத சான்றிதழுக்காகப் போனும் கையுமாக அலைந்தார்கள். ரஜியாவின் காகிதங்களைப் புரட்டிப் பார்த்த பேராசிரியர் நிமிர்ந்தார்.

“ஒண்ணு கூட விட்டுப் போகல. யாரும்மா இதையெல்லாம் எடுத்து வெச்சது?”

“என் தங்கச்சிதாங்க” என்றாள் ரஜியா.

மேசைக்கு மேலே நூருவின் தலை பாதிதான் தெரிந்தது. பேராசிரியர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“அப்படியா? நீ எப்போம்மா எங்க காலேஜுக்கு வரப் போற?”

“இன்னும் ஏழு வருஷம் இருக்குங்க” என்றாள் நூரு. “போன வாரம்தான் யோசிக்க ஆரம்பிச்சேன்.”

அன்று கடைக்கு வந்த ஒருவரையும் அத்தா சும்மா விடவில்லை. பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று ஆரம்பிப்பார். சின்னவள் சொன்ன பதிலைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் தராசையே எடுப்பார்.