பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

மூன்று கோட்டிங் அடித்த பிறகும் சுவரில் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வந்து நின்றது.

ஸ்பேனர் அல்ல, அதன் கோடு. அவள் கணவர் கார் ஷெட்டின் சுவரில் ஒவ்வொரு கருவியையும் வைத்து, சுற்றிக் கறுப்பு எனாமலில் கோடு இழுத்து, மேலே ஓர் ஆணி அடித்திருந்தார். சுத்தியலுக்கு, ரம்பத்துக்கு, குறட்டுக்கு என்று தனித்தனியாக. ஒரு கோட்டுக்குள் கருவி இல்லையென்றால் வீடு ரெண்டாகிவிடும். "எடுத்தத எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதவங்களுக்கு இந்த வீட்ல என்ன வேலை?" என்பார். யாரைச் சொல்கிறார் என்று கேட்கவே வேண்டாம். வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

இப்போது கருவிகள் இல்லை. காலையில் கொழுந்தன் வந்து இரண்டு சாக்கில் கட்டி எடுத்துப் போனான். கார் போன வாரமே போய்விட்டது. நாளை மகள் தையல் மெஷின்களோடு வருகிறாள். ஷெட் இனி அவள் கடை. அதற்குள் சுவர் வெளுத்தாக வேண்டும்.

"பெயின்டர்கிட்ட நான் சொல்லியிருப்பேனே அண்ணி. நீங்க ஏன் ஏணில ஏறி எறங்கிட்டு?" என்றான் கொழுந்தன்.

"உங்கண்ணன் என்னை நுழையவிடாத எடம். ஆசைக்கு ஏறிப் பாக்குறேன்."

அவன் சிரித்தான். சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே, "எல்லாம் இருக்கு, பதினேழ மட்டும் காணோம். அன்னைக்கு அண்ணன் கையில இருந்தது அதுதான். நான்தான் விரலப் பிரிச்சு எடுத்தேன். ஓரமெல்லாம் நசுங்கியிருந்துச்சு அண்ணி, எதுலயோ போட்டு அடிச்ச மாதிரி" என்றான்.

"பழைய இரும்பு. நசுங்காம பூக்கவா செய்யும்?"

அந்த ஸ்பேனரை, அவர் போன அடுத்த வாரமே, பாலத்தின் மேலிருந்து அவள் ஆற்றில் போட்டிருந்தாள்.

பேசாமல் இருக்கும் நாட்களில் அவர் இரும்பில் மூன்று தரம் தட்டுவார். டீ வேண்டும் என்று பொருள். அவள் டம்ளரை ஷெட் வாசலில் ணங்கென்று வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் திரும்புவாள். முப்பது வருஷச் சண்டைகளுக்கு அந்த மூன்று தட்டுதான் தூது. அன்று பேச்சு நின்று ஒன்பதாம் நாள். மூன்று தட்டு கேட்டது. கால் இருக்கிறதல்லவா, வந்து குடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். மறுபடி மூன்று. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, இன்னும் மூன்று. அவள் எழுந்து வெறும் மிக்ஸியை ஓடவிட்டாள். நிறுத்தியபோது சத்தமில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு சண்டையில் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

ஜாக்கி சரிந்து, கார் அவர் நெஞ்சின் மேல் இருந்தது.

மிக்ஸி ஓடியது, ஒன்றும் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். மகள் மட்டும் ஏதோ ஒரு சாக்கில் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளிடம் மட்டும் இந்தப் பொய் கலைந்துவிடக் கூடாது.

தெருப்புழுதி ஈரப் பெயின்டில் ஒட்டாமலிருக்க ஷட்டரைப் பாதிக்கு இறக்கியிருந்தாள். அடியில் நுழைந்த சாயங்கால வெளிச்சம் தரையில் பாய் விரித்தது போலக் கிடந்து, ஒவ்வொரு முழமாகச் சுருண்டு வாசல் பக்கம் போய்க்கொண்டிருக்க, பெயின்டின் காட்டத்துக்கு அடியிலிருந்து பழைய கிரீஸ் வாடையும், அவர் சட்டையிலிருந்து எத்தனை துவைத்தாலும் போகாத அந்த வியர்வை வாடையும் மெல்ல எழுந்தன. நான்காவது கோட்டிங்கைப் பதினேழின் மேல் அழுத்தி ஓட்டினாள். மறைந்தது. ரோலரை நனைக்கக் குனிந்து நிமிர்ந்தாள்.

சுத்தியல் வந்திருந்தது. ரம்பம். குறடு. எல்லாமே.

போன் அடித்தது. மகள்.

"அம்மா, காலையில ஆறு மணிக்கே டெம்போ வந்துரும். சுவரு காஞ்சிருமா?"

"காஞ்சிரும்டி."

ணங். ணங். ணங்.

தரைக்கு அடியிலிருந்து. கார் நின்ற இடம். வெறும் சிமென்ட்.

"யாரும்மா தட்டுறது?"

ணங். ணங். ணங்.

"அம்மா? தட்டிட்டே இருக்காங்களேம்மா. எனக்கே இங்க கேக்குது. உனக்குக் கேக்கலயா?"

மெதுவாக, இன்னும் மூன்று.

"இல்லடி," என்றாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

சத்தம் நின்றது. அன்று நின்ற அதே மாதிரி.

போனில் மகள் ஏதோ சொன்னாள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையோரம் ஒரு கோடு கிளம்பியது. கறுப்பு. ஈரம். அவசரமே இல்லை. அவர் கை அப்படித்தான். குதிகால். சேலைக் கொசுவம். இடுப்பு. சற்றே இறங்கிய இடது தோள். அள்ளி முடிந்த கொண்டை. நீட்டிய வலது கை.

கையில் ஒரு டம்ளர்.

கழுத்துக்கு நேராக ஓர் ஆணி. புதிது.

கோட்டுக்குள் இடம் காலியாக இருந்தது.