தகரத்தில் பெய்த மழை

ஞாயிறு, மாலை 4.10. கரோலினாவின் பைன்ஹில் பந்தயத் திடலில், மூன்றாம் வளைவின் தகர வேலியைக் கிழித்துக்கொண்டு ஒரு கறுப்புக் கார் தலைகுப்புறக் கிடந்தது. உள்ளே டெல்மர் ப்ரூயிட்டுக்கு உயிர் இல்லை.

"குடிச்சிருந்தான். வாசனை வந்துச்சு" என்றான் மெக்கானிக் ராய்ஸ், டெல்மரின் மச்சான். ஒரு மணி நேரத்தில் ஊரே அதை நம்பிவிட்டது.

திங்கள், காலை 9.00. பந்தயப் பரிசோதகர் ஹார்லன் டீக்கின் கொட்டகைக்கு டெல்மரின் மனைவி லூரீன் வந்தாள்.

"ஐயா, அவர் சொட்டுகூடத் தொடலே. குடிகாரன்னு பேர் வச்சுப் புதைக்கப் போறாங்க. நாளைக்கு அடக்கம்."

"நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"மூணாவது வளைவுல. அவர் சறுக்குறதுக்கு முன்னாடி தகரத்துல மழை பெஞ்சுது. வானத்துல மேகமே இல்லை. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகலே."

முகம் வெளுத்த ஹார்லன் காப்பியைக் கீழே வைத்தார். அந்த மழையை அவருக்குப் பத்து வருஷமாகத் தெரியும். கனவிலும் அது அவரை விட்டதில்லை.

காலை 11.30. நொறுங்கிய காரை, சிதறிய துண்டுகளோடு தராசில் ஏற்றி, பெட்ரோல் தொட்டியையும் நிரப்பினார். ஞாயிறு காலைப் பரிசோதனையில், விதி கேட்கும் மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு காட்டிய கார், இப்போது நூற்று நாற்பது குறைந்தது. அடிச்சட்டக் குழாய் பின்சக்கரத்துக்கு முன்னால் வாய்பிளந்து கிடந்தது. மூன்றாம் வளைவின் வேலித் தகரத்தில் அம்மைத் தழும்புபோலப் பொடிக் குழிகள்.

மதியம் 1.00. ராய்ஸும் லூரீனும் எதிரே நின்றார்கள்.

"பரிசோதனைக்கு முன்னாடி காரைக் கழுவினியா?"

"எல்லாரும் கழுவுவாங்க. அழுக்குக் காரை நீங்க ஏத்துக்க மாட்டீங்களே?"

"குழாய்க்கு என்ன அடைப்பு போட்டே?"

ராய்ஸ் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"மரக்கட்டை" என்றார் ஹார்லன். "குழாய் நிறைய ஈயக்குண்டு. தராசுல கனம் சரியா இருக்கும். வேகம் பிடிக்கறதுக்கு முன்னாடி சுத்துற மெதுவான சுத்துல ஓட்டுறவன் உள்ள இருந்து கம்பியை இழுத்தா, கட்டை கழண்டு குண்டெல்லாம் புல்லுல கொட்டிடும். கார் லேசாகி வேகம் கூடும். ஆனா நீ கழுவின தண்ணியில கட்டை ஊறி உப்பிடுச்சு. டெல்மர் இழுத்தும் வரலே. நாப்பதாவது சுத்துல, புகைக்குழாய்ச் சூட்டுல காஞ்சு சுருங்கி, தானா கழண்டுடுச்சு. சொந்தக் குண்டு மேலயே சறுக்கினான். சக்கரம் வாரியடிச்ச மிச்சம்தான் தகரத்துல பெஞ்ச மழை."

ராய்ஸ் தங்கையின் கையைப் பிடித்தான். "கட்டை ஊறும்னு நினைக்கவே இல்லை லூரீன். பயந்துட்டேன்."

"அதுக்காக செத்தவர் வாயில சாராயத்தை ஊத்தினியா அண்ணா?"

அவள் ஹார்லன் பக்கம் திரும்பினாள். "காலையில, தராசுலயும் பார்க்காம, அடியிலயும் பார்க்காம, உங்களுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கே. மழைன்னதும் முகம் வெளுத்துச்சே?"

பொய் சொல்ல ஹார்லனுக்கு வழி இருந்தது. அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"நான் கார் ஓட்டின காலத்துல, முதன்முதல்ல குழாய்ல ஈயக்குண்டு நிரப்பிக் கொட்டினவன் நான்தாம்மா. என் பின்னாடி வந்த ஒருத்தன் நான் கொட்டின குண்டுல சறுக்கித்தான் செத்தான். அவனையும் குடிகாரன்னு சொல்லித்தான் புதைச்சாங்க. நான் வாயைத் திறக்கலே."

"அவர் பேரு?"

பத்து வருஷத்தில் முதல் தடவையாக, ஹார்லன் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னார். லூரீன் மேஜை மேலிருந்த விபத்து அறிக்கைத் தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டு பேரும் குடிக்கலேன்னு எழுதுங்க."